ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவரின் வேலைக்காக ஒன்றரை வருடத்துக்கு முன்பு கோயம்புத்தூருக்குக் குடிவந்தோம். மகனுக்கு ஆறரை வயது, ஒன்றாம் வகுப்பு. போன வாரம் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். 'செய்யுதேன், சொல்லுதான்' என்கிறான். 'அவங்க வந்தாங்க' என்பதை 'அவிய வந்தாவ' என்கிறான். பழத்தைப் 'பளம்' என்றும் மழையை 'மள' என்றும் சொல்கிறான். கூடப் படிக்கும் பிள்ளைகளை 'ஏல, வால' என்று மரியாதையில்லாமல் கூப்பிடுகிறான். ரெண்டு, ராத்திரி எல்லாம் 'லெண்டு', 'லாத்திரி' என்று வருகிறது. இவ்வளவும் எழுதி, 'பேச்சில் குறை உள்ளது, மருத்துவரிடம் காட்டவும்' என்று முடித்திருந்தார். வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். இப்போது அவன் பள்ளியில் வாயே திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து என் அம்மா போனில் பேசினார். பக்கத்தில் அவனுடைய கூட்டாளி இருந்தான். சட்டென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, 'ஆச்சி, நீ ஒழுங்கா பேசு' என்றான். இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுவோம் என்கிறார் கணவர். பையனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவையா? நாங்கள் பேசுவதை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

— ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்பீக்கரை அணைத்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கு இன்றைக்கே தெரிய வேண்டியது அந்தத் தாளைப் பற்றித்தான், அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தாளில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. நான்கு திருநெல்வேலித் தமிழ். ஒன்று மட்டும், அந்த 'லெண்டு', என்னைப் போன்ற பேச்சுப் பயிற்சியாளர் பார்க்க வேண்டியது. ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'குறை' என்று பெயர் எழுதிவிட்டார்கள். மூட்டையைப் பிரித்தாலே உங்கள் பயத்தில் முக்கால்வாசி குறைந்துவிடும்.

எப்படிப் பிரிப்பது? பேச வைத்துப் பார்க்கிற எந்தச் சோதனைக்கும் முன்னால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? நீங்களே ஆச்சிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பேரன் 'செய்யுதேன்' என்கிறான் என்று சொன்னால், 'அதுல என்ன இருக்கு?' என்பார். 'பளம்' என்கிறான் என்றாலும் அதே பதில்தான் வரும். 'லாத்திரி' என்கிறான் என்று சொல்லிப் பாருங்கள். 'இன்னும் பேச்சு திருந்தலையா பிள்ளைக்கு?' என்று கேட்பார். அந்த வேறுபாட்டைக் கேட்டுச் சொல்ல ஆச்சியின் காதைவிடச் சிறந்த கருவி என் அறையில் எதுவும் இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தவறு செய்து தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து நான்கு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டுக்கொண்டே போனேன். துடைப்பம் படத்துக்குச் 'சீமாறு' என்றான். அட்டையின் பின்பக்கம் 'துடைப்பம்' என்றுதான் இருந்தது. தவறு என்று குறித்தேன். வீட்டைக் காட்டினால் 'ஊடு' என்றான்; 'வ' ஒலியை விழுங்குகிறான் என்று எழுதினேன். கடைசியில், வயதுக்கு ஏற்ற சொல்வளம் இல்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். மூலையில் பையனின் அப்பிச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்கம்மா, அதச் சீமாறுன்னு தானுங்க நாங்க சொல்லுவோம். நீங்க என்னன்னுங்க சொல்லுவீங்க?"

நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் வீட்டில் அது விளக்குமாறு. உங்கள் ஊரில் வாரியல். அட்டையில் இருந்த சொல் எனக்கே வீட்டுச் சொல் கிடையாது! நான் குறித்த தவறுகளை அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன். பாதிக்கு மேல் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எந்தக் குழந்தையையும் நான் சோதிப்பதில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், ஒரு தொடக்கப்பள்ளியின் கறுப்பினக் குழந்தைகள் சிலருக்குக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தப்பட்டது. வீட்டில் பேசும் ஆங்கிலம் வேறு, பள்ளி எதிர்பார்க்கும் ஆங்கிலம் வேறு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்று தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 1979 ஜூலையில் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: குழந்தைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொண்டு, அதைக் கணக்கில் வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். 1983-ல் அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம், ஆங்கிலத்தின் எந்தச் சமூக வழக்கும் பேச்சுக் குறைபாடாகாது என்பதைத் தன் நிலைப்பாடாகவே அறிவித்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் படித்தே ஆக வேண்டிய அறிவிப்பு அது. தமிழுக்கும் அப்படியே பொருந்தும்.

இனி உங்கள் மகனின் பேச்சுக்கு வருவோம். 'சொல்லுதான், செய்யுதான், ஓடுதான்' என்கிறான். அதே வாயால் 'நிக்கான், படிக்கான், அடிக்கான்' என்றும் சொல்வான், கவனித்துப் பாருங்கள். ஒரு வகை வினைக்கு ஒன்று, இன்னொரு வகைக்கு மற்றொன்று. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மூன்று நான்கு வயதிலேயே தானாகப் பிடித்துக்கொண்டான். குறை உள்ள பேச்சு இப்படி ஒழுங்காக இருக்காது. இலக்கணத்தை உள்வாங்கும் திறன் அவனுக்கு நன்றாகவே வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் 'செய்யுதேன்'தான் எனக்குச் சாட்சி.

'அவிய வந்தாவ'வும் அப்படித்தான். மதுரை, சிவகங்கைப் பக்கம் போனால் 'அவுக வந்தாக'. யாழ்ப்பாணத்தில் 'அவை வந்தவை'. டிவியிலும் சினிமாவிலும் 'அவங்க வந்தாங்க'. பாடப் புத்தகத்தில் 'அவர்கள் வந்தார்கள்'. இந்தக் கடைசி வடிவத்தை எந்த வீட்டிலும் எந்தத் தாயும் பிள்ளையிடம் பேசுவதில்லை. வீட்டில் ஒன்று, எழுத்திலும் மேடையிலும் இன்னொன்று என்று வாழும் மொழிகளைப் பற்றி 1959-ல் சார்ல்ஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் எழுதினார். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் எல்லாம் அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள். தமிழும் அந்தக் குடும்பத்தில்தான் சேரும். சூரிச்சில் ஒரு குழந்தை வீட்டில் சுவிஸ் ஜெர்மன் பேசும், பள்ளியில் எழுத்து ஜெர்மன் படிக்கும். அதற்காக அதை மருத்துவரிடம் அனுப்புவதில்லை.

உங்கள் ஆசிரியை கோவைக்காரராக இருந்தால், வீட்டுக்குப் போனதும் 'என்ற பையன்', 'உன்ற புக்கு' என்றுதான் பேசுவார். அதுவும் புத்தகத்தில் இல்லை. அதுவும் அழகான தமிழ். இதை அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளையின் பேச்சை இவ்வளவு கூர்ந்து கேட்டுக் குறித்துக் கொடுத்தவர் அக்கறையில்லாதவராக இருக்க முடியாது. அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, வைத்த பெயர்தான் சரியில்லை.

'நல்ல தமிழ்' என்று நாம் இன்று பொதுவாகக் கருதும் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சோறு என்று சொன்ன பிள்ளையைச் 'சாதம்னு சொல்லு' என்று திருத்திய வீடுகளும் பள்ளிகளும் எத்தனை! சோறு புறநானூற்றில் இருக்கும் சொல். அதற்கு என்ன குறை? சொன்னவர்கள் யார் என்பதை வைத்துச் சொல்லுக்கு விலை போட்டார்கள். தண்ணி, ஜலம்; வீடு, ஆம் என்று சாதிக்கொரு சொல் இருந்ததை 1910-லேயே ஜூல் ப்ளோக் என்ற பிரெஞ்சு அறிஞர் தமிழில் சாதியும் வழக்கும் பற்றி எழுதிய கட்டுரை தொடங்கிப் பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். பின்னர் சினிமாவும் வானொலியும் பரவப் பரவ, படித்த நடுத்தர வர்க்கத்தின் பேச்சு ஒன்று எல்லோருக்கும் பொதுவானதாக உட்கார்ந்துகொண்டது. பொதுவாக ஒன்று இருப்பது நல்லதுதான், திருநெல்வேலியும் தர்மபுரியும் சிரமமில்லாமல் பேசிக்கொள்ளலாம். ஆனால் பொதுவானது மட்டுமே சரி, மற்றதெல்லாம் பிழை என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. தொல்காப்பியமே பன்னிரு நிலத்தாரும் தத்தம் குறிப்பில் வழங்கும் சொல்லைத் திசைச்சொல் என்று பெயரிட்டு, செய்யுள் செய்யத் தகுந்த நான்கு வகைச் சொற்களில் ஒன்றாக வைத்திருக்கிறது.

'பளம்', 'மள' பற்றி. தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாக ஒலிப்பது பரவலான வழக்கம். சென்னையில் அதுவே யகரமாகி 'வாயப்பயம்' ஆகும். இதுவும் நோயில்லை. ஆனால் வாசிக்கவும் சொல்வதெழுதவும் அவனுக்கு ழகரம் தெரிந்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒளி, ஒழி என்று எழுதும்போது தடுமாறுவான். இதைப் பள்ளிக்கூடத்து ஒலி என்று சொல்லியே பழக்கலாம். கண்ணாடி முன் உட்காருங்கள். முதலில் 'ள' சொல்லச் சொல்லுங்கள். நாக்கு நுனி மேலே போய் அண்ணத்தைத் தொடுவது அவனுக்கே தெரியும். இப்போது அதே மாதிரி வளைத்து, தொடாமல் நிறுத்திக் காற்றை விடச் சொல்லுங்கள். 'தொடாம வளை' என்று விளையாட்டாகச் சொன்னால் போதும். வாசிக்கும்போது ஒருநாளைக்கு ஐந்து நிமிடம். சாப்பிடும்போதும் விளையாடும்போதும் 'பளம்' என்றால் விட்டுவிடுங்கள்.

'ஏல, வால' கொஞ்சம் வேறு விஷயம். உங்கள் ஊரில் 'ஏல' என்றால் அதில் இருக்கும் நெருக்கம் எனக்குப் புரிகிறது. நண்பனை அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். ஆனால் கொங்கு நாட்டில் பத்து வயது அண்ணனிடம்கூட 'வாங்க', 'சொல்லுங்க' என்று பேசிப் பழகிய பிள்ளைகளின் காதில் அது அடி மாதிரி விழும். இங்கே யார் பேச்சும் தவறில்லை. ஓர் ஊரின் பாசம் அடுத்த ஊரில் வசவாகக் கேட்கிறது. இதை மட்டும் அவனுக்கு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள். 'நம்ம ஊர்ல ஏலன்னா ஆசையா கூப்பிடுதது. இங்க உள்ள பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவங்கள வாங்க போங்கன்னு கூப்பிட்டா அவங்களுக்குப் பிடிக்கும்.' இவ்வளவுதான். ஆறரை வயதில் இது நன்றாகவே புரியும். ஏற்கனவே செய்துகொண்டும் இருப்பான்: தெருவில் ஓடும் நாய்க்குட்டியிடம் ஒரு மாதிரி, அப்பாவிடம் ஒரு மாதிரி, கோயில் குருக்களிடம் ஒரு மாதிரி பேசுகிறான் இல்லையா?

இப்போது 'லெண்டு'. ரகரம் பிள்ளைகளின் வாயில் தாமதமாக வரும் ஒலிகளில் ஒன்று. பல பிள்ளைகள் நான்கு, ஐந்து வயது வரை அதற்குப் பதில் லகரமோ யகரமோ சொல்வார்கள். உங்கள் மகன் ஆறைத் தாண்டிவிட்டதால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, பதற வேண்டாம். அதற்குமுன் வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். சொல்லின் நடுவில் வரும் ரகரத்தை எப்படிச் சொல்கிறான்? மரம், கரடி, குரங்கு என்று பேச்சுவாக்கில் வரவைத்துப் பாருங்கள். நடுவில் சரியாக வந்து, சொல்லின் தொடக்கத்தில் மட்டும் லகரமானால் சீக்கிரம் சரியாகிவிடும், சில வாரப் பயிற்சி போதுமானதாக இருக்கலாம். எல்லா இடத்திலும் லகரமாகவே வந்தால் இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கிறதா, டிவியைச் சத்தமாக வைக்கிறானா என்பதையும் பாருங்கள். பயிற்சிக்கு முன்னால் காது கேட்கும் அளவைச் சோதிப்பது முறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். பயிற்சியாளரிடம் போகும்போது, அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். 'ர சொல்லு, ர சொல்லு' என்று வீட்டில் துரத்த மட்டும் வேண்டாம். துரத்தினால் அந்த ஒலி வருகிற சொற்களையே தவிர்க்கத் தொடங்கிவிடுவான்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்ற முடிவை எடுக்காதீர்கள். ஆங்கிலம் அவனுக்குப் பள்ளியில் வரும், நிச்சயமாக வரும். நீங்கள் எந்த மொழியில் யோசிக்காமல் கதை சொல்ல முடியுமோ, திட்ட முடியுமோ, கொஞ்ச முடியுமோ, அந்த மொழியில்தான் பிள்ளைக்கு நீளநீளமான வாக்கியங்கள் கிடைக்கும். எண்ணி எண்ணிப் பேசும் மொழியில் 'ஈட்', 'கம்', 'ஸ்லீப்' என்று துண்டுத் துண்டாகத்தான் கிடைக்கும். வீட்டுப் பேச்சை விட்ட குழந்தைகள் இரண்டு மொழியிலும் ஒட்டாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதோடு, ஊருக்குப் போனால் ஆச்சியிடம் எந்த மொழியில் பேசுவான்?

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அவன் பள்ளியில் பேசாமல் இருப்பதும், அந்த ஸ்பீக்கரும்தான். தன் வாயிலிருந்து வருவது தவறு என்று நம்பிவிட்டான்; அது எங்கிருந்து வந்தது என்றும் கண்டுபிடித்துவிட்டான்: ஆச்சியிடமிருந்து. இந்த நம்பிக்கையை முதலில் எடுக்க வேண்டும். இன்று முதல் அவன் பேச்சுக்குச் 'சரி', 'தப்பு' என்ற இரண்டு சொற்களையும் வீட்டில் யாரும் பயன்படுத்தாதீர்கள். 'வீட்டுப் பேச்சு', 'பள்ளிப் பேச்சு' என்று சொல்லுங்கள். போன் விளையாட்டு ஒன்று ஆடலாம். பழைய ரிமோட்டோ சீப்போ கையில் கொடுத்து, 'இப்ப ஆச்சிக்குப் போன் போட்டு, மழை பெய்யுதுன்னு சொல்லு' என்று சொல்லுங்கள். அடுத்து, 'இப்ப உங்க மிஸ்ஸுக்குச் சொல்லு'. ஒரே சேதி, இரண்டு காது. நான் பார்த்த பிள்ளைகள் இதை நாலைந்து நாளில் பிடித்துக்கொண்டார்கள், சிலர் எனக்கே குரல் மாற்றிக் காட்டினார்கள். உங்கள் ஊர்ப் பேச்சு அவனுக்கு மட்டுமே தெரிந்த வித்தையாகத் தோன்றத் தொடங்கினால், ஒளிக்க மாட்டான்.

பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலும் வாய் திறக்காமலே இருந்தால் குழந்தைகள் மனநல நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டில் கலகலப்பாகப் பேசிப் பள்ளியில் மட்டும் முற்றாக மௌனமாகும் பிள்ளைகளுக்கு வேறு வகை உதவி தேவைப்படும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆசிரியையை நேரில் பாருங்கள். 'ரகரத்தை நீங்கள் கவனித்தது சரி, காட்டுகிறோம். மற்ற நான்கும் எங்கள் ஊர்ப் பேச்சு. பள்ளிப் பேச்சை நாங்கள் பழக்குகிறோம், சிரிக்கிற பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள். முடிந்தால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: ஒருநாள் வகுப்பில், வீடு பெருக்கும் பொருளுக்கு யார் யார் வீட்டில் என்ன பெயர் என்று அவர் கேட்கட்டும். கோயம்புத்தூர் வகுப்பில் சீமாறும் வாரியலும் விளக்குமாறும் துடைப்பமும் தெலுங்குச் சீப்புருவும் வரிசையாக வந்து நிற்கும். அன்றைக்கு உங்கள் மகன் கை தூக்குவான்.

பயிற்சியாளரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அவனும் ஆச்சியும் பேசுவதை ஐந்து நிமிடம் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவனுக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள். ரகரம் எங்கே வருகிறது, எங்கே நழுவுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். பொங்கலுக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஆச்சி கோயம்புத்தூர் வருவதாக இருந்தால், போகும் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொண்டு அவரையும் உள்ளே கூட்டிப் போங்கள். பயிற்சியாளர் அட்டையைக் காட்டும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும்.